ஃபேனை நிறுத்திட்டுக் கேளுங்க

வாங்க தம்பி, வாங்க. பேப்பர்ல விளம்பரம் பாத்துட்டு போன் பண்ணினவர் நீங்கதானுங்களே? சி.டி. பிளேயருக்கு? செருப்பை அப்படி ஓரமா விட்டுட்டு வாங்க. கதவை மெதுவாச் சாத்துங்க. டமால்னு சாத்தினா அலமாரி அதிருமுங்க, ஊசி குதிச்சிரும்.

பொட்டி சமையல்கட்டுல இருக்குது, காட்டறேன். எங்க ஓடிறப் போகுது? சித்தெ உக்காருங்க. ஃபேனுங்களா? இல்லீங்க, ஃபேன் போடறதில்ல. ரெக்கார்டு ஓடுது பாருங்க. ஜன்னலோரம் அந்த நாற்காலிய இழுத்துப் போட்டுக்குங்க, கொஞ்சூண்டு காத்து வரும். இழுக்க வேண்டாம், தூக்கிப் போடுங்க.

இப்ப இதைக் கேளுங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க, எப்படி இருக்குது?

நல்லா இருக்குதுங்களா? பொய் சொல்லாதீங்க தம்பி. நல்லா இல்ல. செத்துக் கெடக்குது பாட்டு. ஒண்ணரை மாசமா இந்தக் கெரகம்தான். ஊசிய மாத்திப் பாத்தாச்சு. பெல்ட்டை மாத்தியாச்சு. காந்திபுரத்துல இருந்து ஒருத்தன் வந்து ஆம்ப்ளிஃபயரைப் பிரிச்சு மேஞ்சுட்டு, "ஐயா, ஒண்ணும் கெடலீங்க, ஜம்முனு இருக்குது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அவனுக்குக் காது இருக்கற லட்சணம் அது. பின்னால அபார்ட்மெண்ட் கட்டறாங்களே, அவங்க இழுக்கற இழுப்புல நமக்கு வோல்டேஜ் எறங்கிப்போச்சோ என்னமோ. அதையும் கேட்டுப் பாத்தேன். சண்டைக்கு வந்துட்டாங்க.

எனக்குக் காது பொய் சொல்லாதுங்க. நான் பம்புசெட்டு கம்பெனில டெஸ்டிங்ல இருந்தவன். ஓடற மோட்டார் மேல திருப்புளிய வெச்சு, கைப்பிடிய இந்தக் காதுல வெச்சேன்னா, பேரிங் எந்தப் பக்கம் தேயுதுன்னு சொல்லிப்போடுவேன். இஞ்சினியருங்க மீட்டர வெச்சுட்டு முழிச்சுட்டு நிப்பாங்க, "சென்னியப்பனைக் கூப்புடு"ம்பாங்க. அந்தக் காதுங்க இது.

நீங்க எதுக்கு தம்பி சி.டி. பிளேயர் வாங்கறீங்க? சின்ன வயசு. இப்பவே எதுக்கு இந்தத் தப்புல போய் விழறீங்க? ரெக்கார்டுன்னா என்னங்க? பாடறவங்க மூச்சு அப்படியே கோடா விழுந்து கெடக்குது. அந்தக் கோட்டு மேலயே ஊசி நடக்குது. விட்டுப் போறதுக்கு ஒண்ணுமில்ல. சி.டி. என்ன பண்ணுது? பாட்டை வெண்டைக்காயாட்டம் பொடிப்பொடியா அரிஞ்சு, எண்ணி வெச்சுக்குது. அப்பறம் நமக்கு ஒட்டிக் குடுக்குது. அரிஞ்ச வெண்டைக்காய ஒட்ட முடியுமுங்களா? சொல்லுங்க.

தேயாதாம். தூசி ஒண்ணும் பண்ணாதாம். பக்கம் திருப்பிப் போட வேண்டியதில்லையாம். தண்ணி பட்டாத் தொடச்சுக்கலாமாம். இதெல்லாம் என்ற மாப்பிள்ளை சொல்றது. எவர்சில்வர் தட்டுக்கும் இதே குணம்தானுங்க இருக்குது. அதுக்குன்னு தட்டச் சுத்தவிட்டுப் பாட்டுக் கேக்கவா முடியும்?

ரெக்கார்டுக்கு ஒரு மரியாதை வேணுமுங்க. இந்த வூட்டுல ஞாயித்துக்கிழமை காத்தால ரெக்கார்டுன்னா ரெக்கார்டுதான். முதல்ல ஃபேனை நிறுத்தோணும். நிறுத்தி, தூசி அடங்கற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கோணும். போன் ரிசீவரை எடுத்து வெச்சுரோணும். குக்கர் வெக்கக்கூடாது, மிக்ஸி போடக்கூடாது, தாளிக்கக்கூடாது. வெங்காயம் உரிக்கலாம், அதுல சத்தமில்ல. எல்லாத்துக்கும் என்ற சம்சாரம் தெய்வானை அனுசரிச்சுத்தான் போவா. ஒருவாட்டி எதுத்துப் பேசினதில்ல. அவளுக்கும் அது புடிச்சிருந்துச்சுங்க. புடிக்கலீன்னா சொல்லியிருக்க மாட்டாளா?

சித்திரை வெய்யில்ல சமையல்கட்டு வாசப்படில உக்காந்து சேலைத் தலைப்பால விசிறிக்குவா. அந்தச் சத்தம் கூட எனக்குக் கேட்டுருமுங்க. "தெய்வானை, தலைப்பு"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவேன். நிறுத்திக்குவா. அவ்வளவுதான். சண்டையே இல்ல.

இதா, இந்த ரெக்கார்டு, இப்ப ஓடுதே, ஒரு அம்மா மெதுவாப் பாடறாங்களே, இந்தப் பாட்டுன்னா அவளுக்கு உசுரு. ஒருவாட்டி கேட்டா, "ஏனுங்க, நீங்க கடைவீதிக்குப் போறப்ப நானே இதைப் போட்டுக் கேட்டுக்கட்டுங்களா?"ன்னு. எப்படிங்க விட முடியும்? எந்நேரமும் ஈரக்கை. ஊசி ஒடிஞ்சா பாம்பேல இருந்து வரோணும். "நான் போடறப்பக் கேளு, உனக்கென்ன குறைச்சல்?"ன்னேன். அதுக்கப்பறம் அவ கேக்கவே இல்ல. புரிஞ்சுக்கற பொம்பளைங்க.

எல்லாம் நல்லாத்தானுங்க போயிட்டிருந்துச்சு. என்ற பொண்ணு சுகந்தி வேலைக்குப் போனா பாருங்க, முதல் சம்பளத்துல இந்தப் பொட்டிய வாங்கிட்டு வந்து நடுக்கூடத்துல வெக்கறா. "அம்மாவுக்குப்பா"ங்கறா. அம்மாவுக்கு எதுக்கு? அம்மாவுக்குத்தான் நான் இருக்கறனே, ரெக்கார்டு இருக்குதே! கூடத்துல வெக்கக்கூடாதுன்னுட்டேன். சமையல்கட்டுக்குப் போயிருச்சு, மிக்ஸி பக்கத்துல. ரெண்டும் அரைக்கற மெஷின்தானே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுப்போட்டேன்.

அங்கதான் தப்புப் பண்ணிட்டேன். குக்கர் பாட்டுக்கு விசிலடிக்கும், ஃபேன் சுத்தும், இவ காயரிஞ்சுட்டே கேட்டுட்டு இருப்பா. பாதிப் பாட்டுல பக்கத்து வூட்டம்மா வந்து பேசிட்டு நிக்கும். பாட்டுக் கேக்கற லட்சணமா அது? சொன்னா, "எனக்கு அப்படியே கேக்குதுங்க"ங்கறா. என்னத்தக் கேக்குதோ!

சுகந்தியக் கட்டிக் குடுத்தது ஈரோட்டுல. மாப்பிள்ளை மோகனசுந்தரம் கம்ப்யூட்டர் சென்டர் வெச்சிருக்காரு. நல்ல மனுசன், குத்தம் சொல்லக்கூடாது. ஆனா இந்த சி.டி. விஷயத்துல மட்டும் புடிவாதம். நான் ஒண்ணு சொன்னா அவரு ஒண்ணு சொல்றது. இந்தப் பொங்க நோம்பிக்கு வந்தப்ப, சாப்புட்டு முடிச்சு எல்லாரும் உக்காந்திருக்கறோம், அவங்க அப்பா, அதான் எங்க சம்பந்தி, அவரும் இருக்காரு. மாப்பிள்ளை கேக்கறாரு: "மாமா, பாக்காம, வெறும் காதால கேட்டு, எது ரெக்கார்டு எது சி.டி.ன்னு சொல்லுவீங்களா?"

என்ற கிட்டயா! "கட்டுங்க போர்வைய"ன்னுட்டேன்.

கூடத்துக்குக் குறுக்கால போர்வையக் கட்டினாங்க. அந்தப் பக்கம் ரெக்கார்டு பிளேயர், இந்தச் சமையல்கட்டுப் பொட்டி, ரெண்டையும் என்ற ஆம்ப்ளிஃபயர்லயே மாட்டிப்போட்டாங்க. சத்தம் வர்றது ரெண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர்ல. ஒரே பாட்டு, இதே பாட்டு. முதல்ல "ஏ"ன்னு ஒண்ணு போட்டாங்க. அப்பறம் "பி"ன்னு ஒண்ணு.

ஏ சப்புன்னு இருந்துச்சுங்க. குத்தமில்ல, ஆனா ஒட்டல. பி வந்துச்சு பாருங்க, உக்காந்திருந்தவன் எந்திரிச்சுட்டேன். கூடமே வெதுவெதுன்னு ஆனாப்பல. பாடற அம்மாவுக்குப் பக்கத்துல இன்னொரு ஆள் உக்காந்து கூடவே மூச்சு விட்டாப்பல. எப்படிச் சொல்றது, ஆள் இருக்கற வூடாட்டம் இருந்துச்சுங்க அந்தப் பாட்டு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "இதுதானுங்க மாப்பிள்ளை ரெக்கார்டு! இந்த உசுரு உங்க சி.டி.ல வருமா? செத்தாலும் வராது!"ன்னு கத்திட்டேன். சுகந்தி டக்குனு பாட்டை நிறுத்திட்டுப் போர்வைய விலக்கறா.

ரெக்கார்டு பிளேயர் கைய மடக்கிட்டுச் சும்மா நிக்குது. பி-ங்கறது இந்தப் பொட்டி.

சிரிச்சாங்க பாருங்க. சம்பந்தி சிரிச்ச சிரிப்புல பொரையேறி, தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. பேசாம உக்காந்திருக்கற மனுசன் அவரு, அன்னைக்குன்னு பாத்து அப்படிச் சிரிப்பு. தெய்வானை மட்டும் சிரிக்கல. காபி டம்ளரக் கையில வெச்சுட்டு வாசப்படில நின்னு என்ற மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா. நான் என்னமோ சொல்லப்போறேன்னு எதிர்பாத்து நிக்கறாப்பல. என்னத்தச் சொல்றது? அவமானமா இருக்குது எனக்கு.

"இந்த சி.டி. தட்டு ஏது?"ன்னேன். சுகந்தி சொல்றா, "உங்க ரெக்கார்டேதாம்ப்பா. போன தீபாவளிக்கு வந்தப்ப, நீங்க காத்தால பாட்டுப் போட்டீங்கல்ல, அப்ப அவரோட சின்ன ரெக்கார்டரைச் சமையல்கட்டு வாசப்படில வெச்சுப் பதிஞ்சோம். அம்மாவுக்கு அந்தப் பாட்டு அத்தனை புடிக்கும். அவங்க தனியா இருக்கறப்பக் கேட்டுக்கட்டும்னு சி.டி.ல போட்டுக் குடுத்தோம்."

பாத்தீங்களா? என்ற ரெக்கார்டத்தான் நான் கண்டுபுடிச்சிருக்கேன்! அப்ப ஜெயிச்சது யாரு? அதை ஒருத்தரும் ஒத்துக்கல. எனக்குத் தெரியாம என்ற வூட்டுலயே திருடி, என்றகிட்டயே போட்டுக் காட்டிச் சிரிக்கறாங்க. வந்துச்சு பாருங்க கோவம். "இந்த வூட்டுல ஒண்ணு நான் இருக்கோணும், இல்லீன்னா அந்தப் பொட்டி இருக்கோணும்"னுட்டேன். மாப்பிள்ளையப் பாத்துத்தான் சொன்னேன். தெய்வானையப் பாத்துச் சொல்லல.

அவ டம்ளரக் கீழ வெச்சா. "செரிங்க"ன்னா. உள்ள போனா. பொட்டிய உள்ள வெக்க எடம் ஒதுக்கத்தான் போறான்னு நெனச்சேன். பையோட வர்றா. "சுகந்தி, நானும் வர்றேன் அம்மிணி"ங்கறா.

எங்கன்னு கேட்டேன். வாசக் கதவைப் புடிச்சுட்டுச் சொல்றா, "ரெண்டு நாளைக்கு ஃபேனைப் போட்டுட்டு நல்லாத் தூங்கிட்டு வர்றனுங்க."

இது ஒரு பேச்சுங்களா? ஈரோட்டுல மட்டும்தான் ஃபேன் இருக்குதா? நம்ம வூட்டுல இல்லையா? மேல பாருங்க தம்பி, எப்படி ஃபேனு! அந்தக் காலத்து ஃபேனு, இன்னைக்கும் பெயிண்டு கூடப் போகல. ஓட்டினாத்தானே போறதுக்கு!

ரெண்டு நாளுன்னவ இன்னும் வரல. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? பொட்டிய எடுத்துட்டுப் போகல. தட்டக்கூட எடுத்துட்டுப் போகல. அப்படீன்னா என்ன அர்த்தம்? நான் சொன்னது நாயம்னு அவளுக்கே தெரியுமுங்க. அதான் இதை வித்துப்போடலாம்னு முடிவு பண்ணினேன். சனியன் தொலைஞ்சுதுன்னு சொன்னா வந்துருவா. சண்டைக்குக் காரணமே இதுதானுங்களே.

போன் பண்ணாம இல்லீங்க. பண்றேன். "சாப்புட்டீங்களா?"ம்பா. மெஸ்ஸுல இருந்து வருதுன்னு சொல்லுவேன். "உப்பு சேத்திப் போடுவாங்க, பாத்துச் சாப்புடுங்க"ம்பா. ஒரு நாள் சொன்னேன், "தெய்வானை, ரெக்கார்டெல்லாம் ஏனோ செத்தாப்பல கேக்குது"ன்னு. அங்க ஃபேன் சுத்தற சத்தம் கேட்டுச்சு. அப்பறம், "ஊசிய மாத்திப் பாருங்க"ன்னுட்டு வெச்சுட்டா. அதை நம்பித்தானுங்க ஊசிய மாத்தினேன்! அவளுக்கு என்ன தெரியும் ஊசியப் பத்தி? அவ பேச்சக் கேட்ட என்ற புத்தியச் சொல்லோணும்.

செரி, உங்களுக்கு நேரமாகுது. வாங்க, பொட்டியக் காட்டறேன். இருங்க, இதை நிறுத்திக்கறேன். நீங்க தொடாதீங்க.

இதா. தூசியா இருக்குது, இருங்க தொடைக்கறேன். நான் இந்தப் பக்கமே வர்றதில்லீங்க, தண்ணி குடிக்க வர்றதோட செரி. ஓடுதான்னு பாக்கோணுமா? பாக்காம எப்படி வாங்குவீங்க, பாருங்க. எனக்கு இந்தப் பட்டனெல்லாம் தெரியாது, நீங்களே அமுக்குங்க. உள்ள ஒரு தட்டு கெடக்குமே? அதேதான். அந்தத் திருட்டுத் தட்டுதான். அதையே போட்டுப் பாத்துக்குங்க, தட்டும் உங்களுக்கே. நான் ஒருவாட்டியும் போட்டுக் கேக்கல. எதுக்குங்க கேக்கறேன்?

ம். ஓடுது. பாத்தீங்களா, என்ன தகரச் சத்தம்! ஸ்பீக்கரு உள்ளங்கை அகலம் கூட இல்ல. இதுல போய் இவ தெனமும்...

இருங்க.

இருங்க தம்பி, பேசாதீங்க. கேக்குதா? இந்த வெதுவெதுப்பு. அன்னைக்கு நான் சொன்னனே, இதேதான். இந்தத் தகரத்துல கூட வருதே! பாடற அம்மாவுக்குப் பின்னால, கீழ, ஒரு மூச்சாட்டம். நான் கூடத்துல ஒண்ணரை மாசமாத் தேடிட்டு இருக்கறது இதைத்தானுங்க. ஊசி புதுசு, பெல்ட்டு புதுசு, அங்க வரல. இங்க எப்படி வருது?

ஃபேனைப் போடாதீங்க! கைய எடுங்க. வேர்க்கட்டும், தொடச்சுக்கலாம். காத வெச்சுக் கேக்கோணும்.

மூச்சில்லீங்க இது. யாரோ கூடவே முனகறாங்க. வாயத் தொறக்காம, பல்லக் கடிச்சுட்டு, மூக்குலயே. அந்த அம்மா ஏறினா இதுவும் ஏறுது. எறங்கினா எறங்குது. சுருதி பிசகல தம்பி. ஒரு எடத்துல கூடப் பிசகல. டம்ளர் வெக்கற சத்தம் கேட்டுச்சா? மெதுவா, துணிமேல வெச்சாப்பல? குழாய நூலாட்டம் தொறந்து விட்டிருக்கா, சத்தம் வராம.

தெய்வானைங்க.

அவ பாடுவாளா? எனக்குத் தெரியாதுங்களே. சுகந்திக்கு ரெண்டு வயசிருக்கறப்பத் தொட்டில்ல ஏதோ முனகினாப்பல ஞாபகம். இல்ல, அதுவும் எங்கம்மாவோ என்னமோ. கல்யாணம் ஆனதுல இருந்து இந்த வூட்டுலதானே இருக்கறா. இந்த வாசப்படிலதானே உக்காந்திருந்தா. பேரிங் தேயறது கேக்குமுங்க எனக்கு. சேலைத் தலைப்பு ஆடறது கேக்கும். இது எப்படிங்க...

அன்னைக்குப் போர்வைக்கு இந்தப் பக்கம் நின்னு, "இந்த உசுரு"ன்னு கத்தினனே. அவ டம்ளரப் புடிச்சுட்டு என்ற மூஞ்சியப் பாத்துட்டு நின்னாளே. அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமுங்க, நான் எதைச் சொன்னேன்னு. அதான் நான் என்ன சொல்லப்போறேன்னு பாத்துட்டு நின்னிருக்கறா. நான் பொட்டியா நானான்னு கேட்டேன்.

பேசாதீங்க, இப்பக் கொஞ்சம் சத்தமாவே பாடறா. பாட்டு மேல ஏறற எடத்துக்கு வந்துருச்சுல்ல, அதான். வாயத் தொறந்துட்டா. கேளுங்க, கேளுங்க...

அய்யோ.

யாருங்க அது, நடுவுல? "தெய்வானை, யாரது முனகறது? பாட்டு ஓடறது தெரியல?"ன்னு. நாய் கொரைச்சாப்பல. இத்தனை சத்தமாவா? கூடத்துல இருந்து சமையல்கட்டுக்கு எதுக்குங்க இத்தனை சத்தம்? பாட்டே கெட்டுப் போச்சு.

இப்பக் கேளுங்க. ஒண்ணுமில்ல. வெறும் பாட்டு. அந்த அம்மா மட்டும் பாடிட்டு இருக்குது. கூடத்துல இப்ப ஓடிட்டு இருந்ததே, அதே செத்த பாட்டு.

தம்பி, நிறுத்துங்க. இதுல பின்னால போக முடியுமுன்னு மாப்பிள்ளை சொல்லுவாரே, எந்த பட்டனுங்க? எனக்குக் காட்டிக் குடுங்க. இல்லீங்க, பொட்டி குடுக்கறதுக்கில்ல, கோவிச்சுக்காதீங்க, வெய்யில்ல வந்துட்டீங்க, மோரு கூட இல்ல வூட்டுல. வேணும்னா அந்த ரெக்கார்டுகளப் பாருங்க, புடிச்சதை எடுத்துட்டுப் போங்க.

முதல்ல இருந்து போடுங்க. அவ வாயத் தொறந்து பாடறா பாருங்க, அது வரைக்கும் விடுங்க. அந்த ஆள் கத்தறதுக்கு முன்னால நிறுத்திப்போடுங்க சாமி.